வெள்ளவத்தையில் பிள்ளைகள் விளையாட எங்கே போவது?

2025 ஜூலை 12, ஒரு வாசகரின் கேள்வி

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு வெள்ளவத்தைக்குக் குடிவந்து ஒரு வருடமாகிறது. இரண்டு பிள்ளைகள், ஐந்தாம் மாடி, லிஃப்ட் அடிக்கடி நின்றுவிடும். பின்னேரத்தில் பிள்ளைகளை எங்கே கூட்டிக்கொண்டு போவது என்று கேட்டால் எல்லோரும் ஏதாவது சாப்பாட்டுக் கடையின் பெயரைத்தான் சொல்கிறார்கள். இவ்வளவு சனம் இருக்கிற இடத்தில் ஒரு பூங்கா கூட இல்லையா? சோலைவரி, அதாவது மாநகர சபைக்குக் கட்டும் வீட்டுவரி, மட்டும் தவறாமல் வாங்குகிறார்கள். நிலமே இல்லை, அதனால்தான் பூங்கா இல்லை என்று வீட்டை வாடகைக்குத் தந்த வீட்டுக்காரர் சொல்கிறார். உண்மையா?

ஜூலை 12, இரவு, என் பதில்

வீட்டுக்காரர் சொன்னது பாதி சரி. பெரிய நிலம் இல்லை. சின்ன நிலங்கள் இருக்கின்றன, கண்ணில் படாது. காலி வீதியிலிருந்து இறங்கும் ஒழுங்கைகளில் நடந்து பாருங்கள். இரண்டு தொடர்மாடிக்கு நடுவே, ஒரு டிரான்ஸ்போமருக்குப் பின்னால், கம்பி வேலி போட்ட ஒரு துண்டு எங்காவது இருக்கும். எங்கள் பக்கத்திலும் ஒன்று உண்டு. ஊஞ்சலில் சங்கிலி இருக்கிறது, பலகை இல்லை. சறுக்கி தகரம், மூன்று மணி வெயிலில் தோசை வார்க்கலாம். சிமெந்து வாங்கு ஒன்று. கேட்டில் பூட்டு.

பூட்டுத்தான் விஷயம். திறப்பு வைத்திருப்பவர் நாலு மணிக்கு வருவார், ஆறு மணிக்குப் பூட்டுவார். மழை இருட்டினால் வரமாட்டார். போயா தினத்தில் வரமாட்டார். பள்ளிக்கூட விடுமுறையில், பிள்ளைகள் காலையிலிருந்து வீட்டில் கிடந்து ஒருவரையொருவர் பிறாண்டும் நாட்களில், அதே நாலு மணி.

ஆகவே தம்பி, வீட்டுக்காரரிடம் நிலத்தைப் பற்றிக் கேட்காதீர்கள், பூட்டைப் பற்றிக் கேளுங்கள்.

ஜூலை 13

நிலத்தையும் விட்டுவிட முடியாதுதான். காலையில் யோசித்தேன்.

நகர அபிவிருத்தி அதிகார சபையின் விதிகளில் ஒன்று உண்டு: ஒரு ஹெக்டேயருக்கு மேற்பட்ட காணியைத் துண்டு பிரித்தால், வீதி போக மிச்ச நிலத்தில் 10 வீதத்தைப் பொதுத் தேவைக்கும் பொழுதுபோக்குக்கும் ஒதுக்க வேண்டும். நல்ல விதி. ஒரு ஹெக்டேயர் என்றால் ஏறக்குறைய 395 பேர்ச். வெள்ளவத்தையில் யாரிடம் 395 பேர்ச் இருக்கிறது? இங்கே பழைய வீடு ஒன்று 12 பேர்ச், 15 பேர்ச், மிஞ்சினால் 20. அந்த வீட்டை இடித்து எட்டு மாடி கட்டுகிறார்கள். ஒரு குடும்பம் இருந்த இடத்துக்குப் பதினாறு குடும்பம் வருகிறது. காணியைப் பிரிக்கவேயில்லை, மேலே அடுக்கினார்கள், அவ்வளவுதான். விதி எங்கள் தலைக்கு மேலால் போய்விடுகிறது.

இப்படி ஒழுங்கை ஒழுங்கையாக முப்பது வருடம் நடந்திருக்கிறது. ஒவ்வொரு தொடர்மாடியும் தனியாக எடுத்தால் சட்டப்படி சரி. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு சின்ன நகரமே வந்து இறங்கியிருக்கிறது, ஒரு பந்து உருட்ட இடம் இல்லாமல்.

சோலைவரிக் கணக்கும் இதோடு சேர்ந்ததுதான். முன்பு அந்த வீட்டுக்கு ஒரு பில். இப்போது மாடிவீடு ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மதிப்பீட்டு இலக்கம், தனித்தனி பில். வருமானம் கூடியிருக்கிறது, ஊஞ்சல் கூடவில்லை. தம்பிக்கு வந்த கோபத்தில் நியாயம் இருக்கிறது.

ஜூலை 13, பின்னேரம்

“மெரைன் டிரைவ் இருக்கும்போது பூங்கா எதற்கு” என்று ஒருவர் கீழே கருத்துப் பகுதியில் கேட்டிருக்கிறார். ஐயா, அது வீதி. அதில் வாகனம் போகிறது. பெரியவர்கள் விடியற்காலையில் சப்பாத்துப் போட்டு நடக்கலாம், என் மாமியும் சேலையோடு நடக்கிறார், முழங்காலுக்கு நல்லது. ஏழு வயதுப் பிள்ளையைப் பந்தோடு அங்கே விடுவீர்களா? கடலைப் பார்க்கலாம், சரி. கடலுக்கும் எங்களுக்கும் நடுவே ரயில் பாதை. அதைத் தாண்டித்தான் மணலுக்குப் போக வேண்டும். காது கேட்காத மாதிரி இயர்ஃபோனோடு தண்டவாளம் தாண்டும் பொடியன்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும்.

ஜூலை 15

கடலோரத்தில் காலிமுகத்திடல் இருக்கிறதே என்று எல்லோரும் கீழே எழுதுவதால் ஒரு நீளமான குறிப்பு.

அங்கே ஒரு கல் இருக்கிறது, ஆளுநர் ஹென்றி வார்ட் வைத்தது. நடைபாதையை 1856இல் தொடங்கி 1859இல் முடித்ததாகவும், கொழும்பின் பெண்கள், பிள்ளைகளின் நலன் கருதித் தனக்குப் பின் வருவோரிடம் அதை ஒப்படைப்பதாகவும் எழுதியிருக்கும். பட்டம் விடப் போனவர்கள் அந்தக் கல்லில் சாய்ந்து இறால் வடை சாப்பிட்டிருப்பார்கள், வாசித்திருக்க மாட்டார்கள். நான் பிறகுதான் வாசித்தேன். வாசித்ததிலிருந்து கட்டினவரைவிடப் பின் வருகிறவர்களைப் பற்றித்தான் யோசிக்கிறேன். எந்தப் பூங்காவுக்கும் திறப்பு விழாவில் பெயர்ப்பலகை உண்டு. அதற்கடுத்த வருடம் புல் வெட்டினவரின் பெயர் எந்தப் பலகையிலும் கிடையாது.

2010க்குப் பிறகான வருடங்களில் கொழும்பில் நடைபாதைகள் எப்படி முளைத்தன என்று ஞாபகமிருக்கும். சுதந்திர சதுக்கம், பத்தரமுல்லை தியத்த உயன, வாய்க்கால் கரைகள். நகர அபிவிருத்தியும் பாதுகாப்பு அமைச்சும் ஒரே செயலாளரின் கீழ் இருந்த காலம், இராணுவத்தினரே புல் வெட்டினார்கள், கல் பதித்தார்கள். வடிவாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். பிள்ளைகளோடு நாங்களும் போனோம். ஆனால் அப்படிச் செய்த இடத்தை அப்படியே வைத்திருக்க அதே அளவு ஆள் வேண்டும், அதே அளவு காசு வேண்டும். கருங்கல் விலை ஒருமுறை, கூட்டுகிறவரின் சம்பளம் மாதாமாதம். அரசியல்வாதிக்கு முதலாவதில்தான் ஆசை. ரிப்பனை ஒருமுறைதானே வெட்டலாம்.

அதனால்தான் சொல்கிறேன், புதிய பூங்கா கேட்டு மனுப் போடுவதைவிட இருக்கிற துண்டுக்கு ஒரு முழுநேர ஆள் கேட்டுப் போடலாம். இருவர் என்றால் இன்னும் நல்லது, ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் பூங்காவுக்கும் காய்ச்சல் வராது.

ஜூலை 15, சற்றுப் பிறகு

பொரளையில் “எங்கள்” கிரவுண்ட் இருக்கிறதே என்று எழுதிய அண்ணாவுக்கு: தமிழ் யூனியன் 1899இல் தொடங்கிய கழகம், அந்த மைதானத்தில்தான் 1982 பெப்ரவரி 17இல் இலங்கையின் முதல் டெஸ்ட் போட்டி தொடங்கியது, மைதானத்துக்குப் பெயரான பி. சரவணமுத்துவின் சகோதரர் இரத்தினசோதி சரவணமுத்துதான் 1937இல் கொழும்பின் முதலாவது தெரிவுசெய்யப்பட்ட மேயர். எல்லாம் பெருமைதான். என் மகன் பந்தோடு போய் நின்றால் வாசலில் விடுவார்களா? கழகம் கழகம்தான்.

ஜூலை 19

இன்று விகாரமகாதேவிப் பூங்காவுக்குப் போனோம். 155 பஸ்.

தெரியாதவர்களுக்கு: பழைய விக்டோரியா பூங்கா. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் படையினர் முகாம் போட்டிருந்தார்கள், திருத்தி 1951இல் மறுபடி சனங்களுக்குத் திறந்தார்கள், 1958இல் துட்டகைமுனு மன்னனின் தாயின் பெயரை வைத்தார்கள். நகர மண்டபத்துக்கு நேரெதிரே, மறுபக்கம் பொது நூலகம். மரங்கள் பெரியவை, நிழலுக்குப் பஞ்சமில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு காதலர்கள். மழையே இல்லை, குடை மட்டும். என் மகன், “அம்மா, அந்த அண்ணாவுக்கு வெயில் ஒத்துக்கொள்ளாதா?” என்று சத்தமாகக் கேட்டுவிட்டான். குடை இன்னும் கொஞ்சம் பதிந்தது.

பிள்ளை ஓடினான், விழுந்தான், முழங்காலில் சிராய்ப்பு, சந்தோஷம். ஆனால் கணக்குப் பாருங்கள். புறப்பட, பஸ்ஸுக்கு நிற்க, திரும்பிவர, அச்சாறு, தண்ணீர்ப் போத்தல், களைத்த பிள்ளையைத் தூக்க முடியாமல் கடைசியில் ஆட்டோ. அது ஞாயிற்றுக்கிழமைப் பயணம். செவ்வாய்க்கிழமை நாலரைக்கும் டியூஷன் தொடங்கும் ஆறு மணிக்கும் நடுவே இருக்கிற நேரத்துக்கு அது உதவாது. பிள்ளைக்கு வேண்டியது அந்த ஒன்றரை மணித்தியாலம். செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கி நடந்து போகிற தூரத்தில்.

ஜூலை 20

“சின்ன இடம் கொடுத்தாலும் பொடியன்கள் கிரிக்கெட் ஆடிக் கண்ணாடி உடைப்பார்கள்” என்கிறார் ஒரு தொடர்மாடிச் செயலாளர்.

உடைப்பார்கள். அதைவிட எனக்கு வேறொரு கரைச்சல். எங்கள் பக்கத்துத் துண்டு திறந்திருக்கும் அந்த இரண்டு மணித்தியாலத்தில் நடப்பதைச் சொல்கிறேன். கேட் திறந்த உடனே பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பொடியன்கள் டென்னிஸ் பந்தோடு வந்து நடுவைப் பிடித்துவிடுவார்கள். அவர்கள் மேல் பிழை இல்லை, அவர்களுக்கும் வேறு இடம் இல்லை. சின்னப் பிள்ளைகள் சுவர்க் கரையில் ஒதுங்குவார்கள். பெண் பிள்ளைகள்? பத்து வயதுவரை ஊஞ்சல், பிறகு காணாமல் போய்விடுவார்கள். கீழ்வீட்டுப் பிள்ளை, நல்ல ஓட்டக்காரி, பாடசாலை விளையாட்டுப் போட்டியில் முதலாவதாக வருகிறவள், இப்போது மொட்டைமாடியில் தண்ணீர்த் தாங்கிகளுக்கு நடுவே கயிறு அடிக்கிறாள். ஏன் கீழே வருவதில்லை என்று கேட்டேன். “அங்கே நின்றால் எல்லோரும் பார்ப்பார்கள் அன்ரி, ஒன்றும் செய்யாமல் நிற்கிற மாதிரி இருக்கும்.”

அவளுக்கு நிலம் போதாது. நேரம் ஒதுக்கித் தர வேண்டும்: வாரத்தில் இரண்டு பின்னேரம் பெண் பிள்ளைகளுக்கு, வலை கட்டி, ஒரு ரீச்சர் நின்று. பூங்கா என்றால் புல்லும் வாங்கும் என்று நினைக்கிறோம். விளையாட வைக்க ஆள் இருப்பதும் சேவைதான். அது இந்த ஊரில் கோயில் வகுப்பில் கிடைக்கிறது, தேவாரம் படித்தால். ருத்ரா மாவத்தையில் தமிழ்ச் சங்கம் இருக்கிறது, 1942இல் தொடங்கியது, நூலகத்தோடு. இராமகிருஷ்ண மிஷன் மண்டபம் இருக்கிறது. இருந்து செய்கிற வேலை எல்லாவற்றுக்கும் எங்களிடம் கூரை உண்டு. ஓடுவதற்குத்தான் ஒன்றுமில்லை.

மலசலகூடத்தையும் மறக்க வேண்டாம். அது இல்லாத பூங்காவில் ஒரு தாய் எவ்வளவு நேரம் நிற்பாள்?

ஜூலை 20, இரவு

“எங்கள் சனம் பூங்கா கொடுத்தாலும் போகாது, வீட்டுக்குள்ளே டிவி பார்க்கும்” என்ற கருத்துக்கு மட்டும் கொஞ்சம் கோபத்தோடு பதில் எழுதுகிறேன்.

நான் போர்க் காலத்தில் கொட்டாஞ்சேனையில் வளர்ந்தவள். அண்ணாமார் பொழுதுபட்டபின் வாங்கில் உட்கார்ந்து கதைப்பதை அம்மா விடமாட்டார். கொழுத்த வெயிலிலும் அடையாள அட்டை சேர்ட் பொக்கற்றில் இருக்க வேண்டும், பொலிஸ் பதிவுத் துண்டும் கூட. ஓர் இடத்தில் சும்மா நின்றால் “ஏன் நிற்கிறாய்” என்ற கேள்வி வரும், அதற்குச் சிங்களத்தில் பதில் தயாராக இருக்க வேண்டும். 2007 ஜூன் 7 அதிகாலையில் கொழும்பு லொட்ஜ்களில் இருந்த தமிழரைப் பஸ்களில் ஏற்றி வவுனியாப் பக்கம் அனுப்பினார்களே, உயர் நீதிமன்றம் மறுநாள் தடுத்து நிறுத்தியதே, அந்த வருடங்களில் பூங்காவில் காற்று வாங்கப் போனவர்கள் எத்தனை பேர்? சும்மா இருப்பதற்கு ஒரு பழக்கம் வேண்டும். அந்தப் பழக்கத்தை எங்களிடமிருந்து எடுத்துவிட்டார்கள். இப்போது பிள்ளைகள் அதைப் புதிதாகப் பழகுகிறார்கள். டிவியைக் குறை சொல்ல வேண்டாம்.

2022இல் காலிமுகத்திடலில் போராட்டத்துக்காக மாதக் கணக்காகச் சனம் கூடாரம் போட்டிருந்தபோது அங்கே நூலகம் வைத்து, சமையல் வைத்து, பாட்டுப் பாடி இருந்தார்கள். என் மாமி பார்த்துவிட்டு, “இப்படிப் புல்லில் இருக்கலாம் என்றால் நான் எப்போதோ வந்திருப்பேனே” என்றார். அரசியல் ஒன்றும் பேசவில்லை அவர்.

ஜூலை 24

நில அளவையில் வேலை செய்த ஒருவர் கீழே எழுதியிருக்கிறார்: 10 வீத விதியின் எல்லையைக் குறைத்து எல்லாத் தொடர்மாடிக்கும் போட்டால் சரியாகிவிடும் என்று. எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். 15 பேர்ச்சில் 10 வீதம் ஒன்றரை பேர்ச், அதாவது 38 சதுர மீற்றர். மூன்று கார் நிறுத்தும் இடம். அங்கே என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை, மூன்று கார் நிற்கும்.

அப்போது நிலமாக வாங்காமல் காசாக வாங்கி, ஒரு வட்டாரத்துக்கு ஒரு நிதியில் சேர்த்து, விற்பனைக்கு வருகிற ஒரு பழைய வீட்டை முழுதாக வாங்கலாம். 20 பேர்ச் என்றால் 500 சதுர மீற்றர். ஒரு மாமரம், பாதி அளவில் ஒரு வலைப்பந்துத் திடல், சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு மூலை. காலி வீதிப் பக்கத்துப் பேர்ச் விலையைக் கேட்டால் தலை சுற்றும், தெரியும். நிதி என்றால் எங்கே போகும் என்ற பயமும் எனக்கு உண்டு. ஆனாலும் இந்த வழியில் ஒரு மைதானம் வர வாய்ப்பாவது இருக்கிறது.

வெள்ளவத்தைப் பக்கத்தில் ஒருமுறை பெரிய நிலம் கைமாறியது, நெசவு ஆலை இருந்த காணி. அது இப்போது ஹவ்லொக் சிட்டி. உள்ளே தோட்டம் இருக்கிறது, குடியிருப்பவர்களுக்கு. தனியார் காணி, தனியார் தோட்டம், அதில் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த அளவு நிலம் இனி இந்தப் பக்கத்தில் கைமாறப் போவதில்லை.

ஜூலை 26

ஃபுட்சால் கோர்ட் (வாடகைக்கு எடுக்கும் சின்னக் கால்பந்துத் திடல்) பற்றிக் கேட்டவருக்கு: மணித்தியாலக் கட்டணம், பத்துப் பிள்ளைகள் பங்கு போட்டால் தாங்கும், பத்துப் பிள்ளைகளை ஒரே நேரத்தில் டியூஷனிலிருந்து விடுவிப்பதுதான் தாங்காது.

ஜூலை 27

ஈரநிலப் பூங்காக்களைப் பற்றி யாரும் பேசவில்லை. ஈரநிலங்களைப் பாதுகாக்கும் சர்வதேச ராம்சார் உடன்படிக்கையின் கீழ் கொழும்பு 2018இல் ஈரநில நகரமாக அங்கீகாரம் பெற்றது. ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டே பக்கம் பெத்தகான, தலவத்துகொடையில் தியசரு. டிக்கெட் உண்டு. பலகைப் பாதையில் நடக்கலாம், பறவை பார்க்கலாம், அதிர்ஷ்டம் இருந்தால் மீன்பிடிப் பூனை. பந்து விளையாட முடியாது, அது நியாயம். என் மகனுக்கு அங்கே பிடித்தது உடும்பு. எனக்குப் பிடித்தது வாங்குகள், உடையாமல் இருந்தன. டிக்கெட் காசில் ஆள் வைத்திருக்கிறார்கள் போல. இலவசப் பூங்காவுக்கு அந்த வசதி இல்லை, அதனால்தான் வரியிலிருந்து ஒதுக்க வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

ஓகஸ்ட் 3

எங்கள் பக்கத்துப் பூட்டு விஷயம் கொஞ்சம் நகர்ந்தது.

நாலைந்து பெற்றோர் சேர்ந்து திறப்பு வைத்திருப்பவரோடு கதைத்தோம். நாட்சம்பளக்காரர். இன்னும் ஓர் இடத்தையும் அவர்தான் பார்க்கிறார், இரண்டுக்கும் நடுவே சைக்கிளில் ஓடுகிறார். மழைக்கு ஒதுங்கக் கூரையும் இல்லை. இவ்வளவு நாளும் அவரைத் திட்டிக்கொண்டிருந்தவர்கள் வாயை மூடினார்கள். திறப்பின் இன்னொரு பிரதியைத் தாருங்கள், விடுமுறைக் காலையில் நாங்கள் முறைவைத்துத் திறக்கிறோம் என்று பொறுப்பான இடத்தில் கேட்டோம். “பிள்ளை விழுந்து கையை முறித்தால் யார் பொறுப்பு?” என்றார்கள். கேட்கக் கூடாத கேள்வி என்று சொல்ல முடியாது. ஆனால் பிள்ளைகள் இப்போது வேலி ஏறிக் குதிக்கிறார்கள். கை முறிவதற்கு அதுதான் கிட்டின வழி.

முடிவில் சனிக்கிழமை காலை மட்டும் திறக்கிறேன் என்று அவரே சொன்னார். தேநீரும் பணிஸும் எங்கள் பொறுப்பு. ஊஞ்சல் பலகையை ஒரு தச்சர் அண்ணா செய்து தந்தார், காசு வாங்கவில்லை, பேத்தி ஆடுவாளாம்.

சிலர் இதை மாதிரித் திட்டம் என்று புகழ ஆரம்பித்துவிட்டார்கள். வேண்டாம். ஒரு நாட்சம்பளக்காரரின் நல்ல மனதையும் பணிஸையும் நம்பி ஒரு வட்டாரத்தை நடத்த முடியாது.

ஓகஸ்ட் 9

யாருக்கு எழுதுவது என்று கேட்டவர்களுக்கு. மாநகர சபை 2023 மார்ச்சில் கலைந்ததிலிருந்து 2025 மே தேர்தல்வரை தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினரே இல்லை, ஆணையாளர்தான். அந்தக் காலத்தில் பலர் எழுதிக் களைத்துவிட்டார்கள். இப்போது 117 உறுப்பினர்கள் இருக்கிறார்கள், உங்கள் வட்டாரத்தவர் யார் என்று முதலில் பாருங்கள். வாக்குக் கேட்டு வந்தவரைப் படியேற வைத்தோமே, லிஃப்ட் நின்ற அன்று, அவர்தான் எங்களுக்கு.

எழுதும்போது “பூங்கா வேண்டும்” என்று எழுதாதீர்கள். “பரிசீலிக்கப்படும்” என்று பதில் வரும். அதற்கு முன் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி கேளுங்கள். தமிழிலேயே எழுதலாம். இந்த வட்டாரத்தில் விளையாட்டுத் திடல் என்று பதிவில் உள்ள காணிகள் எவை, ஒவ்வொன்றின் பரப்பு எவ்வளவு, யாருக்குச் சொந்தம், சென்ற வருடம் பராமரிப்புக்கு எவ்வளவு ஒதுக்கி எவ்வளவு செலவழித்தார்கள், எத்தனை பேர் வேலைக்கு இருக்கிறார்கள். இதற்குமேல் வேண்டாம், கேள்வி நீண்டால் பதிலும் நீண்டு நழுவும். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதற்கும் பிறகு ஆணைக்குழு.

எங்கள் கடிதத்தைப் பதிவுத் தபாலில் போட்டாயிற்று. கொட்டாஞ்சேனை, முகத்துவாரம், ஜிந்துப்பிட்டிப் பக்கத்திலிருந்து யாராவது இதே கேள்விகளைக் கேட்டுப் போட்டால் பதில்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். வடகொழும்பில் பிள்ளைகள் இன்னும் அதிகம், நிலைமை எங்களைவிட மோசமாக இருக்கலாம். முன்வருகிறவர்களுக்குக் கடிதத்தின் நகல் அனுப்புகிறேன், பெயரையும் வட்டாரத்தையும் மாற்றினால் போதும்.